செத்த புள்ளிகள்

நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது, ஐயா. இந்த விளக்கை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கண்ணில் நேராக வெளிச்சம் அடித்தால் மனிதனும் சரி, கேமராவும் சரி, எதையும் ஒழுங்காகப் பார்க்க முடியாது. என் தொழிலே அதுதான், அதனால் சொல்கிறேன்.

தகட்டை அழுத்தி டப்பா மூடி செய்யும் இயந்திரத்துக்கு மேலே அந்தக் கேமராவை மாட்டியவன் நான். தகடு தானாக உள்ளே போகும், மேலிருந்து அச்சு இறங்கும். நடுவில் ஒரு விரல் தெரிந்தாலும் கேமரா இயந்திரத்தை நிறுத்திவிடும். ஆபத்துக்கென்று வைத்த கண் அது. என் தங்கை கணவருக்கு அது விளையாட்டுச் சாமான்.

அவருக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். முழங்காலுக்குப் பக்கத்திலேயே நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் இருந்தது. குனியச் சோம்பல். டீ குடிக்கப் போகவேண்டும் என்றால் அச்சுக்குக் கீழே கையை நீட்டி ஆட்டுவார். இயந்திரம் நிற்கும், சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். "மச்சான், உன் கேமராவுக்கு ஒரு கும்பிடு போட்டேன், நின்னுடுச்சு பாரு" என்பார்.

அப்படி நின்றதெல்லாம் கேமராக் கோளாறு என்றே மேலாளரிடம் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளையிடம் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். உன் கேமராவுக்கு மூக்குக்கண்ணாடி வாங்கிப் போடு என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் என்னைக் கேலி செய்தார். கழற்றி எறியப்போவதாகவும் சொன்னார். என் கேமரா ஒரு தடவைகூடத் தப்பாகப் பார்த்ததில்லை, ஐயா. அதற்குக் குருடு என்று பெயர் வாங்கிக் கொடுத்தார் மாப்பிள்ளை. எனக்கு வயிறு எரிந்தது.

கேமராவுக்குள் இருக்கும் சில்லில் வெளிச்சத்தை வாங்கும் பிக்சல்கள் லட்சக்கணக்கில் உண்டு. பொடிப் பொடிப் புள்ளிகள். சூட்டில் ஒன்றிரண்டு செத்துப்போகும். அதற்காக யாரும் சில்லை மாற்றுவதில்லை. இன்ன புள்ளி செத்துவிட்டது என்று கேமராவிடம் சொல்லிவிட்டால் போதும், பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து அந்த இடத்தை அதுவே நிரப்பிக்கொள்ளும். படம் பார்ப்பவருக்கு ஓட்டை தெரியாது. எல்லா ஆலைகளிலும் நடக்கிற வேலைதான்.

நான் கொஞ்சம் அதிகமாகச் சொன்னேன். பழைய படங்களை வைத்து, அவர் கை நுழையும் ஓரத்திலிருந்து விரல் நுனி போய் நிற்கும் இடம்வரை அளந்து, அந்தப் பட்டை முழுவதும் செத்துவிட்டது என்று சொன்னேன். தங்கை போட்ட கல்யாண மோதிரம் எல்லாப் படத்திலும் பளிச்சென்று தெரிந்ததால் அளப்பது சுலபமாக இருந்தது. கேமரா எதிர்க்கேள்வி கேட்கவில்லை. அடுத்த ஷிஃப்ட் ஆள் வருவதற்குள் பழையபடி மாற்றிவிடுவதாக இருந்தேன். வேறு யார் கைக்கும் ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்று கவனமாகத்தான் இருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு அவரை டீக்குக் கூப்பிட்டது யார் என்று கேட்டீர்கள். நான்தான். வாசலில் நின்று, "மாப்பிள்ளை, டீ ஆறுது, வாங்க" என்றேன். பொத்தான் அவர் காலடியிலேயே இருந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தங்கை ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அண்ணா, நீ சொல்லாம அந்தக் கேமரா கண்ண மூடியிருக்காது." அதற்குப்பிறகு என்னோடு பேசவில்லை. அது வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் பாருங்கள், அந்தக் கேமராவைக் கடைசிவரை நம்பியவள் அவள் ஒருத்திதான்.

மன்னிப்புக் கேட்டால் தண்டனை குறையும் என்கிறார் வக்கீல். கேட்க மாட்டேன். அச்சு இறங்குவதற்குமுன் கேமரா எடுத்த கடைசிப் படத்தைப் போட்டுப் பாருங்கள். தகடு இருக்கிறது, இரும்பு இருக்கிறது, எல்லாம் துடைத்துவிட்டதுபோல் இருக்கிறது. கை எங்கே இருக்கிறது, ஐயா? இல்லாத கையை நான் எப்படி நசுக்கியிருக்க முடியும்?