பவளத்துக்கு ஆகாத காற்று

இந்த அறையின் மின்விசிறி கொஞ்சம் சாய்ந்து சுற்றுகிறது, மேடம். மேலே திருகு ஏதாவது தளர்ந்திருக்கும். ஏணி இருந்தால் நானே முறுக்கிக் கொடுத்துவிடுவேன். எங்கே போனாலும் என் கை சும்மா இருக்காது என்று என் மனைவி சொல்வாள்.

செயற்கைப் பல் செய்வது என் தொழில். பல் மருத்துவர் அச்சு எடுத்து அனுப்புவார். நான் பல்லைச் செதுக்கி, பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போகும்படி நிறம் கொடுப்பேன். மற்றவர்களுக்கு வெள்ளை என்றால் ஒரே வெள்ளைதான். எனக்குப் பால் வெள்ளை வேறு, எலும்பு வெள்ளை வேறு, சுண்ணாம்பு வெள்ளை வேறு. அதனால்தான் என் வீட்டுக் கடல் தொட்டியில் பவளம் ஒன்று வெளுக்கத் தொடங்கியது என் கண்ணுக்கு உடனே பட்டது. கிளையின் அடியில் நகக்கண் அளவு சுண்ணாம்பு வெள்ளை. உயிர் போன இடத்தின் நிறம் அது.

பவளத்தைச் செடி என்று நினைக்கிறவர்கள் அதிகம். அது செடியல்ல, கல்லும் அல்ல. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சின்ன உயிர்கள் கூடிக் கட்டிய வீடு. அவற்றுக்கு வாய் இருக்கிறது, கை போல நீட்டிப் பிடிக்கும் இழைகள் இருக்கின்றன, குரல் மட்டும் கிடையாது. வலித்தால் கத்தாது, சுருங்கிக்கொள்ளும். பிறகு ஒருநாள் தோல் உரிந்து எலும்பு தெரியும். காலையில் எழுந்து ஹாலுக்கு வரும்போது கண்ணை மூடிக்கொண்டே வருவேன். தொட்டிக்கு முன்னால் நின்று, மனதைத் திடப்படுத்திக்கொண்ட பிறகுதான் திறப்பேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைக் காரணமாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

தொட்டிக்கு நோய் வந்தால் பதறக்கூடாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றிவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது. உங்கள் வேலையும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

உப்பு சரியாக இருந்தது. சூடு சரி, வெளிச்சம் சரி. மனைவி ஹாலில் அடிக்கும் வாசனை ஸ்பிரேயை நிறுத்தச் சொன்னேன். வெளுப்பு ஏறியது. அவள் கைக்குத் தடவும் கிரீமை நிறுத்தச் சொன்னேன். இன்னும் ஏறியது.

கடல்மீன் கடைக்காரரிடம் போனேன். அவர்தான் கேட்டார், "வீட்ல புதுசா ஆள் யாராவது வந்திருக்காங்களா சார்? ஜன்னல் எல்லாம் மூடியே கிடக்கா?"

"ஆமா. ஏன்?"

"மூடுன வீட்ல ஆளுங்க விடுற மூச்சே தண்ணில கலந்து புளிப்பேத்திடும். ஜன்னலைத் திறந்து வைங்க. இல்லேன்னா சுவத்துல ஒரு ஓட்டை போட்டு, வெளிக்காத்து வர்ற மாதிரி சின்னதா ஒரு குழாய் விட்டுடுங்க. வேலை முடிஞ்சுது."

ஆள் வந்திருந்தார். என் மனைவியின் அண்ணன். லாரி ஓட்டியவர், நுரையீரல் கெட்டுப்போய்ப் படுக்கையில் விழுந்திருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தங்கையை விட்டால் நாதியில்லை. ஹாலை ஒட்டிய அறையில் அவரைப் படுக்க வைத்திருந்தோம். ஆக்சிஜன் மெஷின் ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் எந்நேரமும் உறுமிக்கொண்டிருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் அவர் மூக்குக்குப் போகும். தெருத் தூசி பட்டால் இருமல் தாங்காது என்பதால் ஜன்னல்கள் மூடிக் கிடந்தன.

நல்ல மனிதர். "மாப்ள, எனக்கும் உன் பூச்சிக்கும் ஒரே வியாதிடா. எனக்கும் குழாய், அதுக்கும் குழாய். யாரு முந்துறோம்னு பாப்போமா?" என்று சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு இருமலாகும். இருமல் அடங்கும்வரை நான் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு இருமலும் வெளியே விட்ட காற்றுதானே.

ஜன்னலைத் திறந்து பார்த்தேன். அவருக்கு மூச்சு இழுத்தது. மனைவி ஓடிவந்து மூடினாள். "உங்களுக்கு என் அண்ணன் பெருசா, அந்தக் கல்லு பெருசா?" என்றாள். அவள் கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

சுவரில் ஓட்டை போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வாடகை வீடு, மேடம். வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். அவர் முகத்தைச் சுளிப்பார் என்று தோன்றியது. கேட்கவில்லை.

நடுவில் மச்சானைப் பரிசோதனைக்காக ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அந்த நாட்களில் தண்ணீரின் புளிப்பு குறைந்ததைத் தொட்டியில் மாட்டியிருக்கும் புளிப்பு அளக்கும் கருவி காட்டியது. வெளுப்பு நின்ற இடத்திலேயே நின்றது. அவர் வீடு திரும்பினார். புளிப்பும் திரும்பியது. அதற்கு மேல் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. சந்தேகம் தீர்ந்தால் பயம் போய்விடும் என்பார்கள். எனக்குப் பயமே அப்போதுதான் தொடங்கியது. பல் செதுக்கும்போது கத்தி வழுக்கி விரலை வெட்டிக்கொண்டேன்.

மின்சாரம் போனால் மெஷின் நிற்கக்கூடாது என்று மனைவி ஒரு பேட்டரிப் பெட்டி வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். அன்று அவள் வேலைக்குப் போயிருந்தாள். நான் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். மச்சான் கண்ணயர்ந்திருந்தார். பெட்டியை எடுத்துவந்து தொட்டியின் அலைமோட்டாரை அதில் மாட்டினேன். அலை நின்றால் பவளத்துக்கு மூச்சு முட்டும். சற்று நேரத்தில் வீட்டில் மின்சாரம் இல்லை. மெஷின் உறுமல் நின்றது.

"மாப்ள... கரண்ட் போச்சா?"

"ஆமா மச்சான். இப்ப வந்துடும்."

"பேட்டரி?"

"சார்ஜ் இல்ல போல."

மூச்சை இழுத்து இழுத்துச் சேர்த்தார். பேசினால் மூச்சு செலவாகும் என்று அவருக்குத் தெரியும். பிறகு கேட்டார், "பக்கத்து வீட்ல மிக்சி ஓடுதே மாப்ள?"

ஓடிக்கொண்டுதான் இருந்தது. "அவங்ககிட்ட பெரிய பேட்டரி இருக்கு" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். காலமெல்லாம் லாரி ஓட்டியவர். எதிரே வருகிற வண்டி ஒதுங்குமா ஒதுங்காதா என்பது அந்தக் கண்ணுக்குத் தெரியும். அது தெரிந்துவிட்டதை நான் பார்த்தேன். திட்டவில்லை. கத்தவும் இல்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. "பயமா இருக்குடா. கிட்ட வந்து உக்காரேன்" என்றார்.

உட்கார்ந்தேன். கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி இவ்வளவு இறுகும் என்று நான் நினைக்கவில்லை. ஹாலில் அலைமோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. பிடி தளர்ந்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. அவரைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை.

மின்வாரியத்தில் நீங்கள் விசாரிக்க வேண்டியதில்லை. அன்று எங்கள் தெருவில் மின்சாரம் போகவே இல்லை. மெயின் சுவிட்சை இறக்கியது நான்தான். பிறகு ஏற்றியதும் நான்தான்.

மனைவி அழுது ஓய்ந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "பேட்டரி ஏங்க ஹாலுக்கு வந்துச்சு?" நான் ஏதோ சொன்னேன். தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவள் நான் போட்டுத் தரும் காப்பியைக் குடிப்பதில்லை. நான் அறைக்குள் வந்தால் எழுந்து சுவரோரமாக நிற்கிறாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் போன பிறகு தொட்டி தேறிவிடும் என்று காத்திருந்தேன். தேறவில்லை. அடுத்த பவளத்திலும் வெளுப்பு தொடங்கியது. கடைக்காரர் வீட்டுக்கே வந்து அலைமோட்டாரைக் கழற்றிப் பார்த்தார். "சார், உள்ள காந்தம் வெடிச்சுத் துருப்பிடிச்சிருக்கு. இந்த விஷம்தான் இத்தனை நாளா எறங்கியிருக்கு. முதல்ல இதை மாத்துங்க" என்றார். புது மோட்டாரும் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். நான் மறுக்கவில்லை. ஆனால் மோட்டாரை மாற்றித் தொட்டி தேறிவிட்டால், மச்சானின் மூச்சுக்கு இதில் பங்கே இல்லை என்றாகிவிடும். அதை நினைத்தாலே எனக்கு மூச்சடைக்கிறது. புது மோட்டார் பெட்டி பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. வீட்டில் ஜன்னல்களும் மூடித்தான் இருக்கின்றன. தெருவைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

இன்று காலை அவள் தொட்டியைத் தாண்டிப் போகும்போது ஒரு பெருமூச்சு விட்டாள். நான் கருவியைப் பார்த்தேன். முள் அசைந்தது போல இருந்தது. உடனே சட்டையை மாட்டிக்கொண்டு, நடந்தே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கெட்டவன் என்று மட்டும் எழுதாதீர்கள். கெட்டவன் என்றால் இந்நேரம் வீட்டில் அல்லவா இருந்திருப்பேன், மேடம்.