பழைய பக்கத்தில் இன்றைய தேதி

காலை ஒன்பது மணிக்கு முன்னால் யாரோடும் பேச எனக்குப் பிடிக்காது. இந்த வேலையில் அதற்குக் கொடுத்து வைக்கவில்லை.

மருத்துவத் துறையின் இணையதளத்தில் மூவாயிரம் பக்கங்கள். பக்கம் கேட்கிறவருக்கெல்லாம் அப்போதைக்கப்போது தயாரித்துக் கொடுத்தால் சர்வர் திணறும். அதனால் தளத்தை நடத்தும் எங்கள் மென்பொருள், ஃபிரேம்வொர்க் என்போம், தினமும் விடிந்ததும் எல்லாப் பக்கங்களையும் மொத்தமாகத் தயாரித்து வைத்துவிடும். அந்த வேலைக்குப் பெயர் எக்ஸ்போர்ட். ஒரே ஒரு பக்கத்துக்குத் தகவல் வராவிட்டாலும் மொத்தமும் நின்றுவிடும். உடனே மேலாளரின் போன் வரும்.

"என்னப்பா, இன்னைக்கும் படுத்துடுச்சா?"

இரண்டு வருடம் இதே கேள்வி. அலுத்துப்போய்விட்டது, ஐயா.

அதனால் அதை மேம்படுத்தினேன். தகவல் வராத பக்கத்துக்கு முந்தைய நாள் பிரதியையே வைத்துவிட்டு மேலே போகும்படி எழுதினேன். நாலே வரி. அதன்பிறகு எக்ஸ்போர்ட் நிற்கவே இல்லை. மேலாளர் எல்லார் முன்னிலையிலும் கை கொடுத்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

பக்கங்களைச் சரிபார்க்கும் பெண் எனக்குப் பக்கத்து மேசை. சின்னப் பெண், ஆனால் கண் கூர்மை.

"அண்ணா, சில பக்கத்துல போன வாரத் தேதியே இருக்கே?"

"பார்க்கிறேன்மா" என்றேன். பழைய பிரதிகளிலும் அந்தந்த நாளின் தேதியே விழும்படி அன்று மாலையே மாற்றினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். "சரி பண்ணிட்டேன்" என்றதும் அவள் நம்பிவிட்டாள்.

எவையெல்லாம் பழைய பிரதி என்ற பட்டியல் தினமும் என் ஒருவனுக்கு மட்டும் மெயிலில் வரும். பாம்புக்கடி மருந்து எந்த மருத்துவமனையில் இருப்பு இருக்கிறது என்று சொல்லும் பக்கம் அதில் பதினோரு நாள் தொடர்ந்து வந்தது. அந்தத் தகவல் வர வேண்டிய மருந்துக் கிடங்குக் கணினியில் கடவுச்சொல்லை மாற்றியிருந்தார்கள். புதியதைக் கேட்டு வாங்க நாலு பேருக்குப் போன் செய்ய வேண்டும். மெயிலைப் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பதினோரு நாளும் பார்த்தேன்.

பன்னிரண்டாம் நாள் ஒருவர் பாம்பு கடித்த மகளைத் தூக்கிக்கொண்டு, எங்கள் பக்கம் காட்டிய மருத்துவமனைக்குப் போனார். அங்கே மருந்து தீர்ந்து ஒரு வாரமாகியிருந்தது. "இன்னைக்குத் தேதி போட்டிருக்கே சிஸ்டர்" என்று போனைக் காட்டிக்கொண்டே நின்றாராம். மருந்து இருந்த இடம் அங்கிருந்து ஒரு மணி நேரம். குழந்தை வழியிலேயே போய்விட்டது. ஏழு வயது.

செய்தி வந்ததும் அந்தப் பதினோரு மெயில்களையும் அழித்தேன். விசாரணையில், சரிபார்ப்பது பக்கத்து மேசைப் பெண்ணின் பொறுப்பு என்று சொன்னேன். அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

"அண்ணா, சரி பண்ணிட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று எல்லார் எதிரிலும் கேட்டாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. ஆனால் என்னைக் கொடியவன் என்று எழுதாதீர்கள். எங்கள் வீட்டுப் பின்புறமும் புதர்தான், பாம்பு வரும். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அந்தப் பக்கம் பட்டியலில் வந்த முதல் நாளே மனைவியிடம் சொல்லி வைத்தேன்: "ஏதாவதுன்னா எங்க சைட்டை நம்பிக் கிளம்பிடாதே. போன் பண்ணிக் கேட்டுட்டுப் போ."

அந்த அப்பாவும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இதையேதான் சொல்லியிருப்பேன்.