மூன்றாவது பிரதி

கம்ப்யூட்டருக்கு வெளியே மாட்டும் டிரைவ் வாங்கப் போகிறவர்கள் எவ்வளவு கொள்ளும் என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். வீடு வாங்கப் போனவர் வாசற்கதவை அளந்துவிட்டுத் திரும்பி வருவதைப் போன்றது அது. அதிலும் குரல் பதிவுகளுக்கு இடம் ஒரு பொருட்டே இல்லை. ஒரு மனிதர் ஆயுள் முழுக்கப் பேசினாலும் இந்தப் பெட்டியின் ஒரு மூலையில் அடங்கிவிடுவார்.

அழிந்ததை மீட்டுக்கொடுப்பது உங்கள் தொழில், உங்களுக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள்: "யார் சார் இதை செட் பண்ணது? அழிச்சது போய்ச் சேர்ற குப்பைத்தொட்டியைக்கூட வேணும்னே ஆஃப் பண்ணின மாதிரி இருக்கே?" இதுவரை யாரும் இவ்வளவு சரியான இடத்தில் கை வைத்துக் கேட்கவில்லை. அதனால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன். நான்தான் செட் பண்ணினேன். என் அண்ணனுக்காக.

அண்ணன் வீட்டில் கம்ப்யூட்டர் சாப்பாட்டு மேசையை ஒட்டியே இருக்கும். காரணம் அம்மா. அம்மாவுக்கு நினைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருக்கிறது. அப்பா இருந்தவரை சாப்பாட்டு வேளையில் அவளுக்குப் பேப்பர் படித்துக் காட்டுவார். அண்ணி அதை விளையாட்டாகத் தன் போனில் பதிந்து, கம்ப்யூட்டரில் சேர்த்துவைத்தாள். அப்பா போன பிறகு அம்மா சாப்பாட்டைத் தொடவில்லை. அண்ணன் பேப்பர் படித்துப் பார்த்தான். "யாரு இவன், எழுத்துக்கூட்டிப் படிக்கிறான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போதுதான் அண்ணி ஒரு பதிவை ஓடவிட்டாள்.

"பெட்ரோல் மறுபடியும் ஏறிடுச்சாம். இவனுங்க உருப்படவே மாட்டானுங்க. நீ வாயைத் திற."

அம்மா வாயைத் திறந்தாள். அன்றிலிருந்து அப்படித்தான். ஒரே பதிவை அடுத்தடுத்துப் போட்டால் மட்டும், பெற்ற பிள்ளையின் முகத்தை மறந்தவள், "இது நேத்து படிச்சதாச்சே" என்று கண்டுபிடித்துவிடுவாள். அதனால் எல்லாப் பதிவும் வேண்டும்.

இனி அண்ணன் செய்தது. அப்பா இறந்த அன்று அவன் எனக்குப் போன் செய்தபோது அவரை எடுத்துவிட்டிருந்தார்கள். "எல்லாம் முடிஞ்சிடுச்சுடா. நீ மெதுவா வா" என்றான். நான் போய் இறங்கியபோது வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. எனக்காக ஏன் காத்திருக்கவில்லை என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன், கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். அண்ணன் ஒரு நாற்காலியைத் தூக்கி அடுக்கில் வைத்தான். அண்ணி அவனிடம், "சொல்லிடுங்களேன்" என்றாள். "விடு" என்றான்.

அதன்பிறகு நான் கோபப்படவில்லை. கொதிக்கிற பாத்திரத்தை யாராலும் பிடிக்க முடியாது, ஆறினால்தான் கைக்கு அடங்கும்.

ஒரு நாள் அவனே கூப்பிட்டான். "டேய், கம்ப்யூட்டர் திணறுது. அப்பா குரல் மொத்தமும் அதுலதான் கிடக்கு. அண்ணியோட பழைய போனும் போயிடுச்சு. இதுவும் போனா அம்மா கதி என்னடா? நீதான் இதுல புலி. ஏதாவது பண்ணு."

பண்ணினேன். டிரைவில் இரண்டு வகை உண்டு. உள்ளே தட்டு சுழலும் பழைய வகைக்குப் பெரிய மனசு. அழி என்றால் பெயரை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, வேறொன்று வந்து மேலே உட்காரும்வரை பழசை அப்படியே வைத்திருக்கும். அந்தப் பெரிய மனசை நம்பித்தான் உங்கள் கடை நடக்கிறது. சுழலாத புது வகை, எஸ்.எஸ்.டி., கறாரானது. சரியாக அமைத்துவிட்டால், அழி என்று சொன்ன இடத்தை ஓய்வு கிடைத்ததும் தானே துடைத்து வைத்துவிடும். கடைக்காரர், "கீழே விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது சார், இதுதான் சேஃப்" என்றார். உண்மை. வாங்கினேன். கம்ப்யூட்டருக்குள்ளும் அதே வகையை மாற்றிக் கொடுத்தேன், கொள்ளளவில் சற்றுச் சிறியதாக. கழற்றிய பழையதை நானே எடுத்துக்கொண்டேன். வேகம் கூடிவிட்டது. "தம்பி கை பட்டா செத்ததும் எழுந்து உக்காரும்" என்றாள் அண்ணி.

பிறகு இரண்டையும் இணைக்க வேண்டும். இதிலும் இரண்டு விதம். ஒன்று, புதிதாக வந்ததை மட்டும் டிரைவில் சேர்க்கும், எதையும் கழிக்காது. மற்றது கண்ணாடி. கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறதோ அதுவே டிரைவிலும். இங்கே சேர்ந்தால் அங்கே சேரும். இங்கே போனால் அங்கேயும் போகும். நான் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தேன். நீங்கள் கவனித்த குப்பைத்தொட்டியை இரண்டிலுமே மூடினேன். அண்ணனுக்கு விளக்கவும் ஆரம்பித்தேன்.

"அண்ணா, இதுல ரெண்டு விதம் இருக்கு..."

"டேய் சாமி, பாடம் எடுக்காத. எதை அமுக்கணும்னு மட்டும் சொல்லு."

எதை அமுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

நான் எதிர்பார்த்தபடியே உள்ளே இடம் நிறைந்தது. "சிவப்பா ஒரு கோடு காட்டுதுடா" என்று போன் வந்தது.

"பழைய ஃபோல்டரை எல்லாம் அழிச்சிடு அண்ணா. அதான் எல்லாம் டிரைவ்ல இருக்கே. இனிமே டிரைவை மாட்டி அதுலேர்ந்தே போடுங்க."

நான் சொன்ன நிமிடத்தில் எல்லாம் டிரைவில்தான் இருந்தது. நான் பொய் சொல்கிறவன் இல்லை. அப்பாவின் ஃபோல்டர் அடைத்திருந்த இடம் அற்பம், அதை அழிப்பதால் ஒன்றும் மிச்சமாகாது என்பதை மட்டும் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

அன்று சாப்பாட்டு வேளையில் அண்ணி டிரைவை மாட்டியிருக்கிறாள். கண்ணாடி தன் வேலையைச் செய்தது. "கண்ணு முன்னாடியே ஒவ்வொண்ணா மறையுது தம்பி, நான் எதையுமே தொடலியே" என்று போனில் அழுதாள். பின்னால் அம்மாவின் குரல் கேட்டது: "எங்க, இன்னும் பேப்பர் வரலையா?"

அழித்தது அண்ணனின் விரல். அது அவனுக்குத் தெரியும். எனக்கு அது போதுமாக இருந்தது.

நானே போய் டிரைவை எடுத்துவந்து உங்களிடம் கொடுத்தேன். அம்மா என்னைப் பார்த்து, "பேப்பர்காரன் வந்துட்டானா?" என்றாள். அண்ணன் தெருமுனைவரை என்னோடு நடந்து வந்தான். "எப்படியாவது ஒண்ணே ஒண்ணு கிடைச்சாலும் போதும்டா" என்றான். நீங்கள் வீணாகச் சிரமப்பட வேண்டாம். ஒன்றும் கிடைக்காது. அண்ணனிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றினால், ரசீதில் இருப்பது என்னுடைய நம்பர்.

எதற்கும் மூன்று பிரதி வைப்பது நல்ல பழக்கம். ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று பக்கத்தில், ஒன்று வேறொரு வீட்டில். முதல் வீடு தீப்பிடித்தாலும் மூன்றாவது மிஞ்சும். மூன்றாவது என் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

காலையில் அண்ணன் பேசினான். "சீக்கிரம் வாடா. அம்மாவுக்குத் தண்ணிகூட இறங்கல."

"மெதுவா வர்றேன் அண்ணா" என்றேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. கேட்டுப் பார்க்காமல் பிரதி எடுப்பது அரைகுறை வேலை என்பதால், எதையும் மாற்றுவதற்கு முன்பே பதிவுகள் எல்லாவற்றையும் ஹெட்போனில் கேட்டுவிட்டேன். ஒன்றில் அப்பா பேப்பரை மடிக்கிற சத்தம். பிறகு சொல்கிறார்: "பெரியவனே, எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா சின்னவனை உடனே கூப்பிடாத. என்னை அந்தக் கோலத்துல பார்த்தா அவன் தாங்க மாட்டான். எல்லாத்தையும் முடிச்சிட்டு மெதுவா வரச் சொல்லு. உன்னைத்தான் திட்டுவான். வாங்கிக்கோ, என்ன?" அண்ணன், "சரிப்பா" என்கிறான்.

உடம்புக்கு முடியாதவர் பேச்சு. அதற்குப் பெரிய அர்த்தம் கொடுக்க வேண்டியதில்லை என்று ஹெட்போனைக் கழற்றிவைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன்.

மூன்றாவது பிரதியில் மற்ற எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அந்தப் பதிவு மட்டும் இல்லை. அதற்கு இடம் போதவில்லை.