நான் எழுதிக் கொடுத்த ஏழாவது வரி

என் பெயர் நாகரத்தினம், தகப்பனார் பெயர் காளிமுத்து, வயது அறுபத்தொன்று. பிரிஞ்சாங் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் மூன்றாவது லயத்து வீட்டு வரிசையில் எட்டாம் எண் வீட்டில் இருக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் நான்காம் வகுப்பு வரை படித்தேன். அதற்கு மேல் சொல்லித்தர வாத்தியாரிடம் சரக்கு இல்லை. முப்பத்திரண்டு வருடம் காய்கறி லோரி ஓட்டினேன். பனிமூட்டத்தில் என் லோரியின் பின்விளக்கைப் பார்த்துத்தான் போலீஸ் வண்டியே மலை இறங்கும். இதை எழுத வேண்டாமே என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் போலீஸ் சார்ஜன் ஐயா சொன்னார், நான்தான் எழுதச் சொன்னேன்.

இறந்துபோன அமிர்தலிங்கம் எனக்கு அடுத்த வீடு, வயது ஐம்பத்தாறு, தேயிலை ஃபேக்டரியில் வேலை. அவரும் அவர் மனைவி ரஞ்சிதமும் கடலைப் பார்த்ததில்லை. சென்ற டிசம்பர் முதல் ஞாயிறு காலை அவர் என் வீட்டுக்கு வந்து, "அண்ணே, கிழக்குக் கரை பூரா சுத்துனவரு நீங்கதான். எங்க நிக்கலாம், எங்க குளிக்கலாம், சொல்லுங்கலா" என்று கேட்டார். வாசலில் நின்ற ரஞ்சிதம், "அவர கேட்டா கடலையே நான்தான் வெட்டுனேன்னு சொல்வாரு" என்று சிரித்தாள். அதன் பிறகு நான் நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் ஒன்பது வரி எழுதிக் கொடுத்தேன்.

இன்று நான் ஒப்படைக்கும் தாள் அதுதான், கையெழுத்து என்னுடையது. ரிங்லெட் இறக்கத்தில் ரெண்டாம் கியர் என்பதும், சுங்கை கோயான் பாதைக்கு முன்பே பெட்ரோல் நிரப்பவும் என்பதும் சரியானவை. ஆறாவது வரி, டிசம்பரில் போகவும், கூட்டம் இருக்காது. ஏழாவது வரி, சிவப்புக் கொடி நட்ட இடத்தில் குளிக்கவும், நல்ல தண்ணீர் என்று மீன்பிடிக்காரர்கள் வைக்கும் அடையாளம், நானே பலமுறை குளித்த இடம்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை அவர்கள் காரில் புறப்பட்டார்கள். மறுநாள் காலை ஒரு கடற்கரையில் சிவப்புக் கொடி இருந்திருக்கிறது. அலை பெரிதாக இருக்கிறது, வேண்டாம் என்று ரஞ்சிதம் சொல்லியிருக்கிறாள். அவர் தாளை எடுத்து ஏழாவது வரியை அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். அதன் பிறகு சட்டையை மடித்து, தாளை அதன் மேல் வைத்து, பறக்காமல் இருக்க ஒரு செருப்பைப் பாரம் வைத்துவிட்டு இறங்கியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைதான் உடல் கிடைத்தது.

இறங்கக் கூடாது என்பதற்குத்தான் சிவப்புக் கொடி, தெரிந்தே ஏன் இறங்கினார், சாகத்தான் இறங்கினாரா என்று அங்குள்ள போலீசார் ரஞ்சிதத்தைக் கேட்டிருக்கிறார்கள். அவள் தெரியாது என்று சொல்லிவிட்டு, என் பெயர் வரக் கூடாது என்று தாளைப் பையில் வைத்துக்கொண்டாள். குடித்திருந்தார் என்று லயத்தில் பேசுகிறார்கள். அவர் குடிக்க மாட்டார்.

கருமாதி முடிந்த மறுநாள் ரஞ்சிதம் தாளை என் கையில் கொடுத்து, "நீங்க குளிச்ச எடம் அதானே அண்ணே? அவரு எடம் மாறி எறங்கிட்டாரோ?" என்று கேட்டாள்.

நான், "ஆமாம்மா, மாறித்தான் எறங்கியிருப்பாரு" என்றேன்.

அவர் மாறி இறங்கவில்லை. என் லோரி ஈப்போவையும் சிலாயாங் மார்க்கெட்டையும் தாண்டியதில்லை. கிழக்குக் கரைக்கு ஓட்டியவன் என்னோடு வேலை பார்த்த மகேன். "டிசம்பர்ல அங்க ஆளே இல்லண்ணே, செவப்புக் கொடிதான் நிக்குது" என்று அவன் ஒருமுறை டீக்கடையில் சொன்னான். கொடி எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குத் தெரியாது என்பது அங்கிருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். மீதியை நானே சேர்த்தேன்.

நான் கடலைப் பார்த்ததில்லை.

வெளியே பெஞ்சில் ரஞ்சிதம் உட்கார்ந்திருக்கிறாள். அவளை உள்ளே அழைத்து, அவள் முன்னால் இதை உரக்க வாசிக்கக் கேட்டுக்கொண்டேன், வாசிக்கப்பட்டது. முதலில் பின்விளக்கு பற்றி நான் சொன்னது பொய். அது நீங்கலாக மேலே உள்ளதெல்லாம் நடந்தபடியே சொன்னது என்று ஒப்புக்கொண்டு, யாரும் வற்புறுத்தாமல் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
கா. நாகரத்தினம்