கோழி அடுப்பும் சாத்திய சன்னலும்

ஓடுகிறோம். மணி மூன்று நாற்பது. பகல்தான். ஆனால் மழை இருட்டு. தெரு முனை டிரான்ஸ்பார்மர் 'டம்' என்று வெடித்தது. ஒரே சத்தம். ஒரு நீல வெளிச்சம். கத்தினது நான்தான்.

"ஓடுங்க! திரி ரூம்பு போயிருச்சு! ஓடுங்க!"

பட்டாசுத் திரி வைத்திருந்த பக்கத்து அறை போகவில்லை. அது பிறகுதான் தெரிந்தது. சிவகாசிப் பக்கம் சத்தம் கேட்டால் தலை யோசிக்காது. கால்தான் யோசிக்கும். நூறு அடி ஓடு. கண்மாய்க் கரையைத் தாண்டு. குப்புறப் படு. திரும்பிப் பார்க்காதே. உள்ளே ஆள் இருந்தாலும் போகாதே. ரெண்டாவது வெடிதான் காப்பாற்றப் போனவனைக் கொல்லும். இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. ஆறாம் வகுப்போடு நான் நின்றுவிட்டேன். ஒவ்வொரு விதியும் ஒரு சாவு வீட்டில் படித்தது.

சேற்றில் விழுகிறோம். எண்ணுகிறேன். பெட்டி ஒட்டும் கொட்டகையில், செட்டில், வேலை பார்த்தது என்னையும் சேர்த்து ஒன்பது பேர். கரையில் ஆறு. நான் வேகமாக ஓடி வந்தேன். மற்ற ஐந்து பேரும் கள் குடித்தவர்கள் மாதிரி தள்ளாடி வந்தார்கள். ஒருத்தி வாந்தி எடுக்கிறாள். பயத்தில் எடுக்கிறாள் என்று நினைத்தேன். முட்டாள் நான்.

மறுபடியும் எண்ணினேன். ஆறு. என் தங்கை பேச்சி இல்லை. புதுப்பொண்ணு மாரீஸ்வரி இல்லை. செல்லத்தாய் இல்லை.

எழுந்தேன். தெரு ஆட்கள் ரெண்டு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"போகாதீகக்கா! ரெண்டாவது வெடி வரும்!"

வரவில்லை. மழைச் சத்தம் மட்டும். காத்திருக்கிறோம். வராத வெடிக்காகக் காத்திருக்கிறோம். உள்ளே மூன்று பேர் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார்கள். எந்தக் காற்றை இழுக்கிறார்கள் என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது.

இனி காலையைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் புரியும்.

புரட்டாசி கடைசி. வியாழக்கிழமை. தீபாவளிக்குப் போகிற கடைசி லோடு. வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு செட். அங்கே வெடி கிடையாது, மருந்து கிடையாது. பட்டாசு அடுக்குகிற கிப்ட் பெட்டிகள்தான். அட்டையில் படத்தாளை ஒட்டுவது எங்கள் வேலை. பசை காய வேண்டும். காயாமல் அடுக்கினால் பெட்டி உப்பிவிடும், கம்பெனி திருப்பி அனுப்பிவிடும். மூன்று நாளாக மழை. புதன்கிழமை மத்தியானம் போன கரண்டு வரவில்லை. காற்றாடி இல்லை. பசை ஈரம் அப்படியே நிற்கிறது.

காலை ஒன்பதரைக்குக் கான்ட்ராக்டர் வந்தார். அவர் பேரை எழுத மாட்டேன். என் வாயால் அந்தப் பேரைச் சொல்வதில்லை. லோடு ஆட்டோவில் ஒரு கேஸ் ஹீட்டர். கோழிப் பண்ணையில் குஞ்சுகளுக்குச் சூடு காட்ட வைப்பார்களே, அது. தட்டு மாதிரி முகம். பற்றவைத்தால் செக்கச் செவேல் என்று எரியும். சிலிண்டரோடு ரப்பர் குழாய். நாங்கள் அதற்குக் கோழி அடுப்பு என்று பேர் வைத்தோம். சிரித்துக்கொண்டே வைத்தோம்.

நான் பயந்தவள், ஊருக்கே தெரியும். செட்டின் கிழக்குச் சுவருக்கு நாலடி தள்ளி அடுத்த ஆளுடைய அறை. உள்ளே கட்டுக் கட்டாகத் திரி. வைக்கக் கூடாத இடம். வைத்திருந்தார்கள். அதற்கு இந்தப் பக்கம் நெருப்பு.

"அண்ணாச்சி, பக்கத்துல திரி இருக்கு. இங்கன நெருப்பு வைக்கலாமா?"

"ஏத்தா, கோழிக்குஞ்சே சாகல. நீங்க சாகப்போறீகளா? கதவு சன்னலைச் சாத்துங்க. சாரல் அடிச்சா பெட்டி போச்சு."

அவர் போய்விட்டார். மூன்று சன்னலைச் சாத்தினார்கள். நாலாவது கிழக்குச் சன்னல். திரி அறையைப் பார்த்தது. அதை நான் சாத்தினேன். பொறி பறந்து வெளியே போய்விடக் கூடாது. சாத்தியது போதாது என்று ஈரச் சாக்கை மடித்து இடுக்கில் திணித்தேன். சிலிண்டர் உள்ளே இருக்கக் கூடாது என்று சண்டை போட்டு வாசலுக்கு வெளியே, தாழ்வாரத்தில் வைக்கச் சொன்னேன். குழாய் நுழைய விட்ட கதவு இடுக்கிலும் சாக்கு. மணல் வாளி ரெண்டு. தண்ணீர் வாளி ரெண்டு. குழாய் மூட்டில் சோப்பு நுரை தடவினேன். குமிழி வரவில்லை. கசிவு இல்லை. நிம்மதி. அப்படி ஒரு நிம்மதி எனக்கு.

எல்லாரும் கிண்டல்.

"யக்கா, அந்த அடுப்புக்கு ஒரு காப்புக் கட்டி இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்ருங்க" என்றாள் பேச்சி.

"சிரிடி, சிரி. பத்திக்கிட்டா தெரியும்."

அரை மணிக்கு ஒரு தடவை வெளியே போனேன். சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தேன். குழாயை மோந்து பார்த்தேன். நுரை தடவினேன். உள்ளே வந்தேன். மறுபடி போனேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு மட்டும் நல்ல காற்று கிடைத்தது. எனக்கு மட்டும். மற்ற எட்டுப் பேரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து ஒட்டினார்கள். பெட்டி காய்ந்தது. நன்றாகக் காய்ந்தது.

ஒரு மணிக்குச் செல்லத்தாய் தலையைப் பிடித்துக்கொண்டாள். நெற்றிப்பொட்டு விண் விண் என்று தெறிக்கிறது என்றாள். பசை வாடை என்றோம். ரெண்டு மணிக்கு மாரீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு மூலைக்குப் போனாள். கல்யாணமாகி நாலு மாதம்.

"என்னடி, விசேஷமா? மாமியாருக்குச் சொல்லிவிடவா?" என்று பேச்சி கேட்டாள். செட்டே சிரித்தது. மாரீஸ்வரி வெட்கப்பட்டாள். அதுதான் அவளுடைய கடைசி வெட்கம். மூன்று மணிக்கு மூன்று பேர் பெட்டி அடுக்கில் சாய்ந்துவிட்டார்கள். நாலு நாளாக ராத்திரியெல்லாம் வேலை. அசதி என்று நினைத்தேன். என் தங்கச்சி தூங்கட்டும் என்று அவள் பங்கையும் நானே எடுத்து ஒட்டினேன்.

நெருப்பைப் பார்த்தேன். பொறியைப் பார்த்தேன். கேஸ் வாடையைப் பார்த்தேன். எங்கள் ஊரில் சாவு சத்தத்தோடு வரும். புகையோடு வரும். வாடையில்லாமல், சத்தமில்லாமல் வரும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

மூன்று நாற்பது. செட்டில் விளக்கு எரிந்தது. கரண்டு வந்துவிட்டது. அதே நொடி டிரான்ஸ்பார்மர் வெடித்தது. மறுபடி இருட்டு. நான் வாசலில் நின்றேன். கத்தினேன். மீதியை முதலிலேயே எழுதிவிட்டேன்.

கரையில் பன்னிரண்டு நிமிடம். மூன்று நாற்பத்திரண்டுக்கு ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன். போனில் நேரம் நிற்கிறது. மூன்று ஐம்பத்திரண்டுக்கு லோடு ஏற்ற ஆட்டோ வந்தது. டிரைவர் கருப்பசாமி இறங்கினான். உள்ளே மூன்று பேர் என்று கத்தினேன். திரி அறையைப் பார்த்தான். புகை இல்லை. செட்டைப் பார்த்தான். புகை இல்லை.

"ஏலே கருப்பு, போகாதலே!" என்று கரையிலிருந்து கத்தினார்கள்.

"எங்கனலே வெடிச்சிருக்கு? ஒண்ணும் வெடிக்கல! வாங்கலே, தூக்குங்க!"

நாங்கள் ஓடும்போது காற்றில் அறைந்து சாத்திக்கொண்ட கதவை அவன் உதைத்தான். பேச்சியைத் தோளில் போட்டு வந்தான். வரும்போதே அவனுக்கும் கால் மடங்கியது. அதன் பிறகுதான் மற்றவர்கள் போனார்கள். சன்னல்களைத் திறந்தார்கள். கிழக்குச் சன்னல் திறக்கவில்லை. சாக்கு இறுகிவிட்டது. உடைத்தார்கள்.

பேச்சி முகம் சிவந்திருந்தது. வெந்நீரில் குளித்து வந்தவள் மாதிரி. ஒரு கீறல் இல்லை. ஒரு கருகல் இல்லை. எங்கள் ஊரில் இவ்வளவு முழுசான பிணத்தை நான் பார்த்ததில்லை.

ஆம்புலன்ஸ் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு பேர் சொன்னார். சீட்டில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். கார்பன் மோனாக்சைடு. காற்று போதாமல் எரிகிற நெருப்பு அதைக் கக்கும். கண்ணுக்குத் தெரியாது. வாடை கிடையாது. கேசுக்கு வாடை சேர்த்திருப்பார்கள், இதற்கு யாரும் சேர்ப்பதில்லை. தலைவலி வரும். வாந்தி வரும். தூக்கம் வரும். அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் முடிந்ததும் அந்த ஹீட்டர் இரவல் வந்த கோழிப் பண்ணைக்கு நான் போனேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஹீட்டர் அங்கே எரிந்துகொண்டிருந்தது. அதே ஹீட்டர். கீழே மஞ்சள் குஞ்சுகள். ரெண்டு பக்கமும் கம்பி வலை. வலைமேல் படுதா. படுதாவுக்கு மேலே ஒரு சாண் திறந்திருந்தது. அங்கே வேலை பார்க்கிற பெண்ணிடம் கேட்டேன், குளிருக்கு முழுசாக மூடினால் என்ன என்று.

"பூராவும் சாத்துனா அம்புட்டுக் குஞ்சும் செத்துருமேக்கா. இதுகூடவா தெரியாது?"

குஞ்சுக்கு ஒரு சாண் காற்று விட்டிருக்கிறார்கள். எங்களுக்கு அதுவும் இல்லை. ஹீட்டரின் பின்னால் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது. பூராவும் இங்கிலீஷ். அதில் திறந்த சன்னல் படம் ஒன்று இருக்கிறது. அடுப்பின் முதுகு சுவரைப் பார்த்து நின்றதால் நாங்கள் அதைப் பார்க்கவில்லை. கான்ட்ராக்டர் இங்கிலீஷ் படித்தவர். ஆட்டோவில் ஏற்றும்போது அவர் கண்முன்னால்தான் அது இருந்தது.

பேப்பர்காரர்கள் வந்தார்கள். எத்தனை பேர் கருகினார்கள் என்று கேட்டார்கள். கருகவில்லை என்றேன். பேனாவை மூடிவிட்டார்கள். வெடித்திருந்தால் மாலையோடு ஆட்கள் வந்திருப்பார்கள். கார் வரிசையாக நின்றிருக்கும். இது வெடிச் சாவு இல்லையாம். விபத்தே இல்லையாம். மூச்சுத் திணறலாம். அப்படித்தான் எழுதினார்கள். என் தங்கச்சி மூச்சு தானாகவா திணறியது?

கரண்டு போனால் இப்போது வீட்டுக்கு வீடு அடுப்பை உள்ளே கொண்டுவருகிறார்கள். கேஸ் அடுப்பு, கரி அடுப்பு, எது கிடைக்கிறதோ அது. தாள் காய, துணி காய, கைப்பிள்ளைக்குச் சூடு காட்ட. நான் வாசலில் நின்று கத்துகிறேன். பைத்தியம் என்கிறார்கள். சொல்லட்டும். எதிரெதிராக ரெண்டு சன்னலைத் திற. சாரல் அடித்தால் அடிக்கட்டும். திறக்க முடியாவிட்டால் பற்றவைக்காதே. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்காதே. ஒரே அறையில் ரெண்டு பேருக்குத் தலை வலித்தால் பசை என்று சொல்லாதே, பசி என்று சொல்லாதே. அணை. வெளியே வா. சாய்ந்து கிடப்பவளை இழுத்துக்கொண்டு வா. சிலிண்டரை வெளியே வைத்தேன், கசிவு பார்த்தேன், மணல் வைத்தேன் என்று என்னை மாதிரி நிம்மதியாக இருக்காதே. அது வேறு சாவுக்கான பாதுகாப்பு.

இனி கணக்கு.

ஹீட்டர் ஒன்று. சேதமில்லை. பெட்டிகள் எல்லாம் காய்ந்தன. மறுநாள் காலை லோடு போனது. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

செல்லத்தாய், நாற்பத்தாறு வயது. உயிரோடு இருக்கிறாள். மகளைப் பார்த்து, நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கிறாள்.

மாரீஸ்வரி, இருபத்திரண்டு. போய்விட்டாள்.

பேச்சி, முப்பத்தொன்று. என் கூடப் பிறந்த ஒரே ஆள். ரெண்டு பிள்ளைகளுக்கு அம்மா. போய்விட்டாள்.

கண்மாய்க் கரையில் பன்னிரண்டு நிமிடம். முதல் ஐந்து நிமிடத்துக்குள் தூக்கியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் அடுத்த சீட்டை எடுத்தார். அதனால் பன்னிரண்டு நிமிடத்தையும் பேச்சி பேரில், என் கடனாக எழுதுகிறேன்.