பேச்சுத் துணை

1965, ஆடி அமாவாசை. செஞ்சியில் மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸுக்கு வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு அக்காவும் தங்கையும். தங்கை, வடக்கே குடும்பத்தோடு ஊர் ஊராகப் போகும் பருத்தி வியாபாரி ஒருவர் வீட்டோடு இருந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவள், லீவில் வந்திருக்கிறாள்.

“கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக் குடுக்கத்தாங்க்கா என்ன வெச்சிருக்காங்க. அங்க மூத்த பொண்ணுக்குத் தமிழ நான் திருட்டுத்தனமா சொல்லிக் குடுத்தேன்” என்றாள். அதற்குப் பிறகுதான் நான் காது கொடுத்தேன்.

“அந்தப் பொண்ணுக்குத் தமிழ் எதுக்குடி?”

“அதுக்கில்லக்கா, எனக்கு. அவங்களுக்குள்ள குஜராத்தி, வேலக்காரங்ககிட்ட இந்தி, வந்தவங்ககிட்ட இங்கிலீஷ். நாக்பூரு, இந்தூருன்னு எங்க போனாலும் எனக்குப் பேச ஆளில்ல.”

“அதுக்கு எட்டு வயசுப் புள்ளய புடிச்சியா? கெட்டிக்காரிதான்டி நீ.”

“இப்ப ‘இன்னா டீச்சர்’னு நம்மூரு பொண்ணு மாதிரியே கேக்குது.”

அக்கா சிரித்தாள். தங்கை சிரிக்கவில்லை.

“அடுத்த மாசம் அத ஹாஸ்டல்ல சேக்கறாங்கக்கா. வடக்க, எங்கியோ மலமேல.”

“அப்ப உன் வேல?”

“தம்பிக்காரன் இருக்கான். இனிமே அவனுக்குப் பாடம்.”

“அப்புறம் இன்னா? அவனுக்கும் தமிழ கத்துக் குடுத்துடு.”

“மாட்டேங்க்கா.”

“ஏன்டி?”

“நான் ஊருக்குக் கெளம்பறதுக்கு மொத நாளு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. ‘ஹாஸ்டல்ல நான் யாராண்ட டீச்சர் தமிழ் பேசறது?’ன்னு.”

“நீ இன்னா சொன்ன?”

“தூங்கும்மா, எனக்குக் காலையில ரயிலுன்னேன்.”