கரையோரத்து மேடு

"இது நான் எடுத்த பொடவை இல்ல."

காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்றில் பணம் கட்டும் வரிசை. எனக்கு முன்னால் நின்ற கல்யாணப்பெண்ணுக்குக் கண் தெரியாது. முகூர்த்தப் புடவையின் கரையை விரலால் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா.

"அதேதாம்மா. மெதுவா பேசு, எல்லாரும் பாக்குறாங்க."

"நான் எடுத்ததுல, கரையைப் பொடவை ஒடம்போட கோத்த எடத்துல வெரலுக்கு மேடு தட்டுச்சி. இது வழவழன்னு இருக்குது. மாத்திட்டியா?"

அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"அது கருநீலம்மா. முகூர்த்தத்துக்கு ஆகாது. இதுதான் செவப்பு."

"அதையும் செவப்புன்னுதானே சொன்ன?"

"நீ ஆசையா தடவிக்கினு இருந்த. வேணாம்னு சொல்ல மனசு வரல. அப்புறமா மாத்திக்கலாம், உனக்கெங்க தெரியப் போவுதுன்னு..."

"நீ செவப்புன்னு சொன்னாதாம்மா எனக்குச் செவப்பு. வேற செவப்பு எனக்குக் கெடையாது."

"அடுத்தது யாரும்மா?" என்றார் கல்லாவில் இருந்தவர். அம்மா நகரப் பார்த்தாள். பெண் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"மாப்ள எப்பிடி இருப்பாருன்னு அன்னிக்கு சொன்னியே. அதை இன்னொரு தடவ சொல்லு."